மண் படாத ரோடு

குருணிக்குளத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியைக் குருணிக்குளத்துக்காரர்களே சொல்கிறார்கள், அதுவும் பெருமையாக. நான் சொல்லப்போவது அந்த இரண்டாவது பாதியில் ஒன்று. கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, புரியாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

அந்த ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். மூக்கையா மேஸ்திரி அந்த வழியில் இரண்டு முறை தார் ரோடு போட்டிருக்கிறார். இரண்டுமே போட்ட வருஷத்து மழையோடு போய்விட்டன. முதல் ரோடு கண்மாய்க்குள் கிடக்கிறது. இரண்டாவது ரோடு எங்கே போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. வழியில் மிச்சமிருப்பது பெயர்ந்த ஜல்லியும் பள்ளமும்தான்.

அந்த ஜல்லியில்தான் மேஸ்திரியின் மனைவி பஞ்சவர்ணம் சந்தையிலிருந்து வரும்போது கால் பிசகி விழுந்தாள். விழுந்ததுகூடப் பெரிதில்லை, கூடையிலிருந்த முட்டை ஒன்று பாக்கியில்லாமல் உடைந்தது. தூக்கிவிட்ட வெளியூர்க்காரர் ஒருவர், "இது எந்தப் புண்ணியவான் போட்ட ரோடும்மா?" என்று கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பஞ்சவர்ணம், அன்று மட்டும் இனிஷியலோடு சேர்த்துச் சொன்னாள். பிறகு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து துணிப்பையை எடுத்தாள்.

"நல்ல ரோடா ஒண்ணு நம்ம வாசல் வரைக்கும் வரட்டும், அதுல பஸ்ஸும் வரட்டும். அப்பத்தான் இந்த வீட்டுல குடித்தனம். அதுவரைக்கும் எங்கம்மா வீட்டுலதான் இருப்பேன்."

"அது எப்ப வரும்னு நான் எப்படிச் சொல்ல, பஞ்சு?"

"ஆடி கடைசி வெள்ளி வரைக்கும் பாப்பேன். ரோட்டைக் காணோம்னா அன்னைக்கு டெம்போ பிடிச்சுட்டு வந்து என் தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

பஞ்சவர்ணம் சொன்னால் சொன்னதுதான். மூக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவரே பொங்கிய சோறு என்பதும் ஒரு காரணம், ஆனாலும் மனுஷன் நிஜமாகவே உடைந்துபோனார். தினமும் காலையில் கூடத்திலிருந்த தையல் மிஷினைத் துண்டால் துடைத்துவிட்டு, மிதிகட்டையை இரண்டு மிதி மிதிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அவள் வீட்டில் இருப்பது போலிருக்கும். அது மட்டும் போய்விட்டால் தனக்கு வீடு என்று ஒன்று இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் ஆனந்தவல்லி என்ற பொறியாளர் ஊருக்கு வந்தார். ஊரிலேயே நாலு பேர் சேர்ந்து, கல்லைச் சோதித்து, ரோட்டையும் போட வேண்டும் என்பது புதுத் திட்டம். குழுவுக்கு மூக்கையா தலைவர். மச்சான் தவசி இன்னொருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏழு மாதம் வேலை பார்த்தவர் என்பதால் உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். மூன்றாவது ஆள் ஒச்சு. எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்பான், யார் என்ன பதில் சொன்னாலும் உடனே திருப்தியாகிவிடுவான். நாலாவது சீனிச்சாமி, எட்டாவது வரை படித்தவன் என்பதால் படிக்கிற வேலை முழுவதும் அவனுக்கு.

பொறியாளர் ஒரு பெட்டியைத் திறந்து, துளைபோடும் கருவி மாதிரி இருந்த ஒன்றை எடுத்தார்.

"இது லேசர் கருவி. இதோட மூக்கைக் கல்லுல ஒட்ட வச்சு, இந்த விசையை அழுத்தினா ஒரு பொறி தெறிக்கும். அந்தப் பொறியோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்து, கல்லுல என்னென்ன இருக்குன்னு திரையில காட்டும். கல்லு மேல மண்ணு ஒட்டியிருந்தாலும் காட்டிக் கொடுத்துரும். பச்சை வந்தா ஏத்துக்கலாம், சிவப்பு வந்தா தள்ளிரணும்."

"பொறியைப் பார்த்தே சொல்லிருமா மேடம்?" என்று கேட்டான் ஒச்சு.

"ஆமா. ஒவ்வொரு பொருளுக்கும் வெளிச்சத்துல ஒரு அடையாளம் இருக்கு."

"திருப்பூர்லயும் இப்படித்தான்," என்றார் தவசி.

பிறகு பொறியாளர் சொன்னதையெல்லாம் சீனிச்சாமி ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். ஒன்று, லோடுக்குப் பத்துக் கல் எடுக்க வேண்டும். இரண்டு, கருவி வேலை செய்யும்போது பெட்டியிலிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டவர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. மூன்று, இதுதான் முக்கியம் என்று பொறியாளரே விரலை ஆட்டிச் சொன்னார்: "உங்க பழைய ரோடு ரெண்டும் ஏன் போச்சு தெரியுமா? மண்ணு ஒட்டின கல்லுல தார் பிடிக்காது. அதனால ஜல்லியில மண்ணு படவே கூடாது. ரோடு போட்டு முடிக்கிற வரைக்கும் படக் கூடாது."

"பட விடமாட்டோம் மேடம். எங்க உசுரு இருக்கிற வரைக்கும்," என்றார் மூக்கையா. கண் கலங்கிவிட்டது. இரண்டு ரோடும் போனதற்குத் தன் கை காரணமில்லை, மண்தான் காரணம் என்று ஒருவர் சொன்னது அவருக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ரோடு தரமா இருந்தா பஸ் விடச் சொல்லி நானே எழுதறேன்," என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் கிளம்பினார்.

அது ஆடி கடைசி வெள்ளி.

மறுநாள் காலையில் முதல் லாரி வந்தது. ஓட்டி வந்தவர் கோட்டைச்சாமி. கொட்டுவதற்கு வண்டியைத் திருப்பியதும் மூக்கையா கையை நீட்டி மறித்தார்.

"கொட்டாதீங்க! பத்துக் கல்லு போதும்."

"மிச்சத்தை?"

"லோடுக்குப் பத்துதான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. மிச்சத்தைக் கொண்டுபோயிருங்க."

கோட்டைச்சாமி நோட்டை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. ஒச்சு மேலே ஏறிப் பத்துக் கல்லைப் பொறுக்கி எடுத்தான். கோட்டைச்சாமி நாலு பேரையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்து, கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டாவது லோடாக வந்து நின்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டு லோடு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாகக் கல் அனுப்புகிற குவாரியை மூக்கையா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒச்சுவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"மாமா, எல்லா லாரிக்கும் ஒரே நம்பரா இருக்கே?"

மூக்கையா தவசியைப் பார்த்தார்.

"எல்லா லாரியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம்டா," என்றார் தவசி. "அண்ணன் தம்பிக்கெல்லாம் ஒரே இனிஷியல் இல்லையா? அந்த மாதிரி."

"டிரைவரும் ஒரே ஆளா இருக்காரே?"

"அதைச் சொல்லு. என்ன உழைப்பாளி பாத்தியா!"

ஒச்சு திருப்தியாகிவிட்டான். இருபத்தெட்டாவது லோடுக்குக் கோட்டைச்சாமிக்குச் சொம்பில் மோர் கொடுத்தார்கள். பாவம், களைத்துப்போயிருந்தார்.

மறுநாள் சோதனை. கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. கருவியைப் பிடிக்க வேண்டியவர் தலைவர், ஆனால் திரையைப் படிக்க வேண்டியவன் சீனிச்சாமி. கண்ணாடி யாருக்கு என்று அரை மணி நேரம் பேசி, படிக்கிறவனுக்கே என்று முடிவாயிற்று. சீனிச்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டான். மற்ற மூன்று பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மூக்கையா கண்ணை மூடியபடியே குனிந்து, கையால் துழாவி, கருவியை வைத்து அழுத்தினார்.

"சிவப்பு!" என்றான் சீனிச்சாமி.

"தள்ளிரு அதை!" என்றார் மூக்கையா.

தள்ளினார்கள். அது தவசியின் செருப்பு என்பது அவர் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை மூக்கையா கொஞ்சம் இடதுபக்கமாகத் துழாவினார். கெட்டியாக, வழுவழுப்பாக ஒன்று கையில் பட்டது.

"பச்சை! அண்ணே, பச்சை! சுண்ணாம்புச் சத்து அப்படியே கொட்டிக் கிடக்கு!"

"எழுதுடா தம்பி. முதல் கல்லு, அருமையான கல்லு!"

சீனிச்சாமி எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அருமையான கல் ஒரு தும்மல் தும்மியது, கொம்பை ஆட்டிக்கொண்டே எழுந்து, மற்ற ஆடுகளோடு சேர்ந்து மேயப் போய்விட்டது. சீனிச்சாமி பொய் எழுதுகிறவன் இல்லை. 'கல் எண் ஒன்று: தரம் மிக நன்று. பிறகு நடந்து சென்றுவிட்டது' என்று எழுதிக் கீழே கோடு போட்டான்.

சாப்பாட்டு வேளைக்குள் பழக்கமாகிவிட்டது. கல்லை ஒருவன் கையில் கொடுக்க, கண்ணை மூடியபடியே மூக்கையா சுட, ஜல்லி எல்லாவற்றுக்கும் சிவப்பு வந்தது. எல்லாவற்றிலும் மண். எனவே இருநூற்று எண்பது கல்லையும் அண்டாவில் போட்டு, சிகைக்காய் தேய்த்து, நாலு தண்ணீரில் அலசி, வேட்டியால் துவட்டினார்கள். மறுபடி சுட்டதும் பச்சை, பச்சை, பச்சை. ஒச்சு ஒரு கல்லை வெயிலில் தூக்கிப் பார்த்து, "குளிப்பாட்டினதும் மூக்கும் முழியுமா இருக்கு மாமா," என்றான்.

குளித்த கல்லைத் தரையில் வைக்கப் போனவன் அப்படியே நின்றான்.

"மாமா, கீழ வச்சா மண்ணு படுமே?"

மூக்கையா பாய்ந்து வந்தார். "வைக்காத! பிடிச்சுக்க!"

பிடித்துக்கொண்டார்கள். கை நிறைந்ததும் மடியில் கட்டினார்கள், மடி நிறைந்ததும் கட்டிலில் அடுக்கினார்கள், பக்கத்து வீட்டுக் கட்டில்களையும் இரவல் வாங்கினார்கள். கடைசியில் தெருவில் எட்டுக் கட்டிலில் ஒன்றையொன்று இடிக்காமல் ஜல்லி படுத்திருந்தது. கட்டில்காரர்கள் எல்லோரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரோடு போடுகிறவரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் ரோடு போடக் கிளம்பினார்கள். வழியின் நடுவில் நின்று, முதல் கல்லை வைக்கப்போன மூக்கையா தவசியின் முகத்தைப் பார்த்தார். தவசி கீழே பார்த்தார். சீனிச்சாமியும் ஒச்சுவும் கீழே பார்த்தார்கள். கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மண்.

"எதுக்கும் சுட்டுப் பாத்துருவோம்," என்றார் தவசி.

சீனிச்சாமி தவிர மூன்று பேரும் கண்ணை மூடிக்கொள்ள, மூக்கையா வழியைச் சுட்டார். சீனிச்சாமி திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"சிவப்பு அண்ணே. முழுக்க முழுக்க மண்ணுதான்."

"அப்ப நம்ம ஊரையே மெஷின் தள்ளிருச்சா?" என்றான் ஒச்சு.

 தவசிக்குத்தான் ஒரு யோசனை வந்தது. "மேல மண்ணு இருக்குன்னா தோண்டி எடுத்துட்டா போச்சு. மண்ணு தீர்ந்ததும் அதுக்குக் கீழ ரோட்டைப் போடுவோம்."

தோண்டினார்கள். முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பளவு போயிற்று. நெஞ்சளவு வந்ததும் ஒச்சு பள்ளத்துக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கினான்.

"மாமா, கீழ போகப் போக மண்ணாவேதான் வருது. அடியில யாரோ போட்டுக்கிட்டே இருக்காங்க போல."

மூக்கையா மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று புதன்கிழமை. நாளை மறுநாள் டெம்போ வரும், தையல் மிஷின் போகும், அதோடு பஞ்சவர்ணமும் போனவள் போனவள்தான். உலகத்தில் எல்லா ஊரிலும் ரோடு இருக்கிறது. மண்ணே இல்லாத இடமாகப் பார்த்து ஊரைக் கட்டியிருக்கிறார்கள், அவர்கள் புத்திசாலிகள். தன் முன்னோர்கள் மட்டும் எப்படி இவ்வளவு மண்ணுள்ள இடமாகத் தேடிப் பிடித்தார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

"மச்சான், அழாதீங்க," என்றார் தவசி. "மண்ணே இல்லாத இடம் நம்ம ஊர்ல ஒண்ணு கூடவா இல்ல?"

மூக்கையா கண்ணைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

இருந்தது. அவர் வீட்டுக் கூடம்தான். போன தைக்கு பஞ்சவர்ணம் அடம்பிடித்து டைல்ஸ் போட வைத்தாள். காலையும் மாலையும் துடைப்பாள், செருப்போடு உள்ளே வந்தவன் சொந்த அண்ணனாக இருந்தாலும் வெளியே போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். நாலு பேரும் ஓடினார்கள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தரையைச் சுட்டார்கள்.

"பச்சை!" என்று சீனிச்சாமி கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டது.

ஒச்சுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மாமா, ரோடு வெளியிலதானே இருக்கும்?"

"அப்படின்னு யாரு சொன்னா?" என்றார் தவசி. "சீனிச்சாமி, நோட்டைப் பாரு. ரோட்டை வெளியில போடணும்னு மேடம் எங்கயாவது சொல்லியிருக்காங்களா?"

சீனிச்சாமி நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். கடைசியிலிருந்து முதல்வரை ஒரு தடவை படித்தான். "எங்கயும் இல்ல," என்றான்.

"ஆனா பஞ்சவர்ணம் அத்தை வாசல் வரைக்கும் ரோடு வரணும்னுல்ல சொல்லியிருக்காங்க?" என்றான் ஒச்சு.

இதற்கு மூக்கையாவே பதில் சொன்னார். மனைவியின் வார்த்தையை அவரைவிட யார் நன்றாக அறிவார்கள்? "வாசல் வரைக்கும் வரணும்னுதான் சொன்னா. எந்தப் பக்கத்திலிருந்து வரணும்னு சொல்லலையே. அடுப்படியில புறப்பட்டு வாசல் வரைக்கும் வரட்டும்."

ஒச்சு திருப்தியாகிவிட்டான்.

வேலை ஆரம்பித்தது. தெருவில் தாரைக் காய்ச்சி, வாளியில் மொண்டு, நிலைப்படி தாண்டிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். முதல் வாளி டைல்ஸில் விழுந்ததும், நிறுத்தச் சொல்லி மூக்கையா கையைத் தூக்கினார். பஞ்சவர்ணம் பார்த்தால் என்ன செய்வாள் என்று நினைத்தார், பஞ்சவர்ணம் வராவிட்டால் டைல்ஸை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றும் நினைத்தார், அடுத்த வாளியை ஊற்றச் சொன்னார்.

பாதி தூரத்தில் தையல் மிஷின் குறுக்கே நின்றது. நகர்த்திவிடலாம் என்றார் தவசி.

"அதைத் தொடக் கூடாது," என்றார் மூக்கையா. "அவ வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

எனவே ரோடு அந்த இடத்தில் மிஷினைச் சுற்றி வளைந்து போயிற்று. வளைவுக்கு முன்னால் 'மெதுவாகச் செல்லவும்' என்று சீனிச்சாமி ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினான். ரோடு ரோலர் நிலைப்படியில் நுழையாது என்பதால் அம்மிக் குழவியை வைத்து உருட்டினார்கள். முட்டி போட்டு, நாலு பேரும் மாறி மாறி, வியாழக்கிழமை பொழுது சாயும்வரை உருட்டினார்கள். அடுப்படியிலிருந்து வாசல்வரை இருபத்திரண்டு அடி. நடுவில் வெள்ளைக் கோடும் போட்டார்கள். போன இரண்டு ரோடுகளுக்கும் மூக்கையா வெள்ளைக் கோடு போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆனந்தவல்லி வந்தார். இரண்டு கிலோமீட்டரையும் நடந்து வந்தார். வழியில் ஜல்லியும் பள்ளமும் அப்படியே இருந்தன, புதிதாக நெஞ்சளவுக் குழி ஒன்று சேர்ந்திருந்தது. மேஸ்திரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"ரோடு எங்க?"

"உள்ள இருக்கு மேடம்," என்றார் மூக்கையா பணிவாக. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

பொறியாளர் உள்ளே போனார். நின்றார். கண்ணை மூடித் திறந்தார். ஒச்சு அதைப் பார்த்துவிட்டு, "மெஷின் இன்னும் போடலை மேடம், கண்ணைத் திறந்தே வைக்கலாம்," என்றான்.

"இது... வீடு."

"ஆமா மேடம். ஊர்லயே மண்ணு படாத இடம் இது ஒண்ணுதான். வெளியில ரொம்ப ஆழம் வரைக்கும் தோண்டிப் பாத்துட்டோம்."

பழக்கதோஷத்தில் பொறியாளரின் கை கண்ணாடியையும் கருவியையும் எடுத்தது. வாசல் ஓரத்தில், வளைவில், கோட்டில், அடுப்படி ஓரத்தில் என்று பத்து இடத்தில் சுட்டார். பத்தும் பச்சை. அவர் அப்படியே ரோட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ரோட்டைத் தான் பார்த்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். அது உண்மை என்பதுதான் அவருக்கு வருத்தம். அறிக்கையில் இரண்டே வரி எழுதினார்: 'தரம்: மிக நன்று. இடம்: தவறு.'

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பஞ்சவர்ணம்.

டெம்போவை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, நெஞ்சளவுக் குழியைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வந்திருந்தாள்.   மூக்கையா கையை நீட்டி ரோட்டைக் காட்டினார்.

பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கருகருவென்று வாசலிலிருந்து புறப்பட்டு, தன் தையல் மிஷினைத் தொந்தரவு செய்யாமல் வளைந்து, அடுப்புவரை போயிருந்த ரோட்டில் மெல்ல நடந்தாள். ஒரு ஜல்லிகூடப் பெயரவில்லை. பிசகிய காலை ஊன்றிப் பார்த்தாள், வலிக்கவில்லை. மிஷினருகே வந்ததும் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் வந்தாப் போதும்னுதானே சொன்னேன்," என்றாள். "நீங்க அடுப்படி வரைக்கும் போட்டிருக்கீங்க."

எவ்வளவு பெரிய மனசு என்பது போல அவள் மூக்கையாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக அவர் இன்னும் நாலு வீட்டுக்குள் ரோடு போடுவார். பஞ்சவர்ணமும் குருணிக்குளத்துப் பக்கத்து ஊர்தான் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அவள் அடுப்படிக்குப் போய், அடுப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றாள். புருவம் சுருங்கியது.

"ஏங்க, டிரைவரு பிரேக்கு பிடிக்க லேட்டானா பஸ்ஸு நேரா அடுப்புல வந்துல்ல மோதும்? உலை வச்சிருக்கிற நேரமா இருந்தா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது எவருக்குமே தோன்றவில்லை. தவசிக்குக் காதுவரை சிவந்துவிட்டது, திருப்பூர்ப் பெயரைக்கூட எடுக்கவில்லை. அடுப்புக்கு மூன்று முழம் முன்னால் ஒரு வேகத்தடை போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

பொறியாளர் எழுந்து கருவியைப் பெட்டிக்குள் வைத்தார். "அடுத்த மாசம் என் ஆளுங்களோட நானே வந்து வெளியில ரோடு போடறேன். நீங்க யாரும் எதையும் தொடக் கூடாது. பஸ்ஸும் விடச் சொல்றேன்," என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போடாமலேயே நடந்து போனார்.

"பஸ்ஸு நிச்சயம் வந்துருமாங்க?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"மேடமே சொல்லிட்டாங்களே, பஞ்சு!"

"அப்பச் சரி. இனிமே அந்தப் பள்ளத்துல ஒரு அடி வைக்கமாட்டேன். துணிமணியெல்லாம் எங்கம்மா வீட்டுல கிடக்கு. பஸ்ஸு வந்து இந்த அடுப்படியில நிக்கட்டும், ஏறிப் போய் எங்கம்மாவைப் பாத்து, ஆற அமர ஒரு மாசம் இருந்துட்டு எடுத்துட்டு வாரேன்."

டெம்போவை வெறுமனே திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தையல் மிஷின் சத்தம் நிஜமாகவே கேட்டது. மூக்கையாவுக்குச் சோறு இறங்கியது, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். ஆனால் நாலாம் நாள் அவர் முகம் மறுபடியும் வாடியது. பஸ் வரும், பஞ்சவர்ணம் ஏறிவிடுவாள், ஒரு மாதம் போய்விடுவாள். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், மனுஷன் கதவை ஓடிப்போய்ச் சாத்துவார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் சீனிச்சாமியைக் கூப்பிட்டு ஒரு பலகை எழுதச் சொல்லி, பஞ்சவர்ணம் குளிக்கப் போன நேரத்தில் அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். 'இங்கு பேருந்து நிற்காது.'

பஞ்சவர்ணம் வந்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் விழுந்துவிட்டது.

"ஏங்க, இங்க நிக்காதாமே. அப்ப கூடத்துலயாவது நிக்குமா?"

மனைவியின் முகம் வாடினால் மூக்கையாவுக்குத் தாங்காது. அவளைப் போகவிடவும் மனசில்லை, பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"நிக்கும் பஞ்சு," என்றார். "ஆனா எக்ஸ்பிரஸ் நிக்காது."